லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதைத் திருடன் பார்க்க முடியுமா?

நீங்கள் எழுதியிருந்தது இது. கோத்தகிரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் குன்னூர், மேட்டுப்பாளையம் என்று பஸ்ஸில் லேப்டாப்போடு போய்வருகிறீர்கள். சிறு தேயிலை விவசாயிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் கணக்கு எழுதித் தருகிறீர்கள், அறுபது எழுபது பேருடைய ஆதார், பான், பட்டா, பாஸ்புக் நகலெல்லாம் அதில் இருக்கிறது. விண்டோஸ் பாஸ்வேர்டு போட்டிருப்பது போதுமா, இல்லை எங்கிருந்தாவது ஃபைல்களை அழிக்கிற சாஃப்ட்வேர் எதையாவது வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டிருந்தாலும், உங்களுக்கு உள்ளூர இருக்கிற பயம் வேறு என்று நினைக்கிறேன். பை போய்விட்டால், நம்பிக் கொடுத்தவர்களுடைய காகிதமெல்லாம் முன்பின் தெரியாத ஒருவன் கையில் திறந்து கிடக்குமா என்பதுதான் அந்தப் பயம். அதற்குத்தான் பதில் சொல்கிறேன். குன்னூரில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான், வக்கீல் இல்லை, அதனால் போலீஸ், சட்டம் பற்றிச் சொல்கிற இடத்தில் மட்டும் விவரம் தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் போட்டு, டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யாமல், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றாமல், வைத்திருந்தால் உங்கள் ஃபைல்கள் திறந்துதான் கிடக்கின்றன. அந்தப் பாஸ்வேர்டு வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி, முன்வாசல் வழியாக வருகிறவரைத்தான் கேள்வி கேட்கும். பின்பக்கம் நாலைந்து ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவைத் திறக்கிற மாதிரி எல்லாம் திறக்கும். கழற்றக்கூட வேண்டாம், விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டமான லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவில் பூட் செய்தாலே, அதாவது அதிலிருந்து மெஷினைத் தொடங்கினாலே போதும். மெஷின் ஆன் ஆனதுமே விண்டோஸுக்கு முன்னால் கேட்கிற பயாஸ் பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள், அதுவும் அந்த மெஷினுக்குத்தான் காவல், டிஸ்க் வேறு மெஷினுக்குப் போனபிறகு அதற்கு வேலையே இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன் என்று ஒரு லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவந்தார், பாஸ்வேர்டு தெரியவில்லை, ஃபார்மட் செய்து கொடுங்கள் என்றார். விற்றவர் ஏன் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை என்று எனக்கு உறுத்தியது. டிஸ்க்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு குடும்பத்தின் பத்து வருடப் போட்டோ, ஒரு பெண்ணின் மருத்துவ ரிப்போர்ட், வீட்டுக் கடன் காகிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அப்புறம் போன் நம்பரோடு ஒரு பயோடேட்டா. அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், ஒரு அம்மாள் எடுத்தார். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மேலே லக்கேஜ் வைக்கிற இடத்திலிருந்து ஐந்து மாதத்துக்கு முன் காணாமல் போன பை அது. மெஷின் போலீஸ் மூலமாக அவரிடமே போய்ச் சேர்ந்தது. ஆனால் அன்றைக்கு அந்த அம்மாள் போனில் கேட்ட முதல் கேள்வி "யாரெல்லாம் பார்த்திருப்பாங்க?" என்பதுதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஐந்து மாதத்தில் அது எத்தனை கை மாறியதோ.

அதனால் செய்யவேண்டியது ஒன்றுதான், டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்வது, அதாவது என்கிரிப்ஷன். செய்துவிட்டால் டிஸ்க்கில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் சாவி இல்லாமல் படிக்க முடியாத குப்பையாகத்தான் தெரியும். கழற்றி எங்கே மாட்டினாலும் அப்படித்தான். இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம், பெரும்பாலும் உங்கள் மெஷினிலேயே இருக்கிறது. விண்டோஸ் ப்ரோ என்றால் அதன் பெயர் பிட்லாக்கர், கண்ட்ரோல் பேனலில் இருக்கும். விண்டோஸ் ஹோம் என்றால் அதே நுட்பம் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் வரும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் பாருங்கள். மேக் என்றால் ஃபைல்வால்ட், உபுண்டு மாதிரி லினக்ஸ் என்றால் இன்ஸ்டால் செய்யும்போதே லக்ஸ் முறையில் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யட்டுமா என்று கேட்கும், அப்போதே சரி என்று சொல்லிவிடுவதுதான் நல்லது, பிறகு சேர்ப்பது பெரிய வேலை.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது, நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். புது லேப்டாப்புகள் பலவற்றில் இந்தக் குறியாக்கம் தானாகவே ஆன் ஆகியிருக்கும், 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்யாமல் லோக்கல் கணக்கிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் சில மெஷின்கள் பாதி வழியில் நிற்கும். டிஸ்க் குறியாக்கம் ஆகியிருக்கும், ஆனால் சாவியும் பூட்டு போடாமல் அதே டிஸ்க்கிலேயே கிடக்கும். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான். அந்த நிலையில் சி டிரைவ் படத்தின் மேல் மஞ்சள் முக்கோணம் ஒன்று தெரியும், செட்டிங்ஸில் லாகின் செய்து முடியுங்கள் என்று கேட்கும். ஆன் என்று இருக்கிறதா, காத்திருக்கிறது என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். அந்தப் பக்கமே உங்கள் செட்டிங்ஸில் இல்லையென்றால் பெரும்பாலும் மெஷின் பழையது, அதற்கு வழி கீழே சொல்கிறேன்.

அடுத்தது சாவி. நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் திருடன் கையில் போன டேட்டாவைவிட, சாவி தெரியாமல் சொந்தக்காரரே இழந்த டேட்டாவைத்தான் என் மேஜையில் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். பிட்லாக்கருக்கு 48 இலக்க ரெகவரி கீ ஒன்று உண்டு, ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. சாதாரண நாளில் அது தேவையே படாது, மெஷினுக்குள் இருக்கிற டிபிஎம் என்ற சிப் சாவியை வைத்துக்கொண்டு தானாகத் திறந்துவிடும். பயாஸ் அப்டேட் ஆனாலோ, மதர்போர்டு மாறினாலோ சிப்புக்குச் சந்தேகம் வந்து நீலத் திரையில் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். நம் மலையில் இது மற்ற ஊர்களைவிட முக்கியம் என்பேன். அக்டோபர், நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வாரக்கணக்கில் துணி காயாது, அலமாரியில் வைத்த செருப்பில் பூஞ்சை பிடிக்கும், அந்த ஈரம் மதர்போர்டையும் விடுவதில்லை. பச்சை பூத்த போர்டுகள் ஒவ்வொரு மழைக்கும் என்னிடம் வரும். போர்டு போனால் அதோடு டிபிஎம்மும் போச்சு, டிஸ்க் நன்றாக இருந்தாலும் ரெகவரி கீ இல்லாமல் திறக்காது.

ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இப்படித்தான் ஆனது. போர்டு மாற்றினார்கள், நீலத் திரை வந்தது, குறியாக்கம் என்று ஒன்று ஆன் ஆகியிருந்ததே அவருக்குத் தெரியாது. கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்குமே, எந்த ஈமெயில் என்று கேட்டேன். லேப்டாப் வாங்கிய அன்றைக்குக் கடைப் பையனே ஏதோ ஒரு ஈமெயிலை உருவாக்கி லாகின் செய்து கொடுத்திருக்கிறான், அது என்ன என்று அவனுக்கும் நினைவில்லை. இறந்துபோன மனைவியின் போட்டோக்கள் அதில் இருந்தன. திறக்க முடியவில்லை, என்னால் மட்டும் இல்லை, யாராலும் முடியாது, குறியாக்கம் சரியாக வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும். அதனால் உங்கள் மெஷினில் லாகின் ஆகியிருக்கிற ஈமெயில் உங்களுடையதுதானா, அதன் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்று இன்றைக்கே பாருங்கள். வேறு எதையும் அதற்கு அப்புறம் செய்துகொள்ளலாம். பார்த்தபின் கீயை எழுதி, இல்லை பிரிண்ட் எடுத்து, பத்திரங்கள் வைக்கிற இடத்தில் ஒரு பிரதி, நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள், அதே லேப்டாப்பில் ஃபைலாகச் சேமிக்காதீர்கள்.

ஆன் செய்வதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். குறியாக்கம் ஓடும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள், பிட்லாக்கர் விட்ட இடத்திலிருந்து தொடரும், இருந்தாலும் சார்ஜரில் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். முழு டிஸ்க்கா, பயன்படுத்திய இடம் மட்டுமா என்று கேட்டால் உங்கள் மாதிரி பல வருடம் ஓடிய மெஷினுக்கு முழு டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் நீங்கள் முன்பு அழித்த ஃபைல்களின் மிச்சம் காலி இடத்தில்தான் கிடக்கும். வேகம் குறையுமா என்றால், எஸ்எஸ்டி போட்ட இப்போதைய மெஷினில் கணக்கு வேலைக்கு உங்களுக்கு வித்தியாசமே தெரியாது, இந்தக் கணக்கீட்டைச் செய்வதற்கென்றே ப்ராசசருக்குள் தனி வசதி இருக்கிறது.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. குறியாக்கம் செய்தபிறகு எவனாலும் எதுவும் முடியாதா? அணைத்து வைத்த மெஷின், சாதாரணத் திருடன் என்றால், முடியாது என்று தைரியமாகச் சொல்வேன். மெஷின் தூங்கிக்கொண்டிருந்தால், அதாவது மூடியை மட்டும் மூடிப் பையில் போட்டிருந்தால், சாவி ரேமில், அதாவது மெஷினின் தற்காலிக நினைவகத்தில், உயிரோடு இருக்கும். 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரேம் சிப்பைக் குளிர்வித்து, கரண்ட் போனபிறகும் அதிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்கள். பஸ்ஸில் பை தூக்குகிறவன் அதைச் செய்யமாட்டான்தான், ஆனால் ஷட் டவுன் செய்துவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஏன் விட்டுவைக்க வேண்டும்? இல்லையென்றால் மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைந்துபோகும்படி, பவர் செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, டிபிஎம் தனிச் சிப்பாக இருக்கிற சில பழைய லேப்டாப்புகளில், சிப்புக்கும் ப்ராசசருக்கும் நடுவே ஓடுகிற சிக்னலை ஒட்டுக்கேட்டுச் சாவியை எடுக்கலாம். 2024 பிப்ரவரியில் ஒருவர் ராஸ்பெரி பை பிகோ என்ற மலிவான போர்டை வைத்து ஒரு நிமிடத்துக்குள் செய்து வீடியோ போட்டார். டிபிஎம் ப்ராசசருக்குள்ளேயே இருக்கிற மெஷின்களில் அந்த வழி நடக்காது. விண்டோஸ் ப்ரோ வைத்திருந்தால் பூட் ஆகும்போதே ஒரு பின் நம்பர் கேட்கும்படி பிட்லாக்கரில் செய்யலாம், அப்போது ஒட்டுக்கேட்டும் பயனில்லை. உங்கள் வேலைக்கு அது கட்டாயம் என்று சொல்லமாட்டேன், நல்லது என்று சொல்வேன்.

ஆனால் லாகின் பாஸ்வேர்டு இனி முன்னைவிட முக்கியம் என்பதை மறக்காதீர்கள். டிபிஎம் தானாகத் திறந்துவிடுகிற மெஷினில் திருடன் பவர் பட்டனை அமுக்கினால் லாகின் திரை வரை வந்துவிடுவான், அதற்கு மேல் அவனைத் தடுப்பது அந்தப் பாஸ்வேர்டோ பின்னோதான். 1234, பிறந்த வருடம், பிள்ளை பெயர் எல்லாம் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொல்லைச் சேர்த்து வையுங்கள், நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. மெஷினின் அடியில் ஸ்டிக்கரில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

போனையும் சேர்த்து யோசியுங்கள். பெரும்பாலும் பை போகும்போது போனும் அதே பையில் போகிறது. உங்கள் ரெகவரி கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கைத் திறக்க ஓடிபி போனுக்கு வருகிறது, போனுக்கு எளிய பேட்டர்ன் லாக், அப்படியென்றால் போனே லேப்டாப்பின் சாவி. போனுக்கு ஆறு இலக்கப் பின் வையுங்கள், சிம்முக்கும் தனியாகப் பின் வையுங்கள், இல்லையென்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலே ஓடிபி அங்கே வந்துவிடும். சிம் பின்னை மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கிற பக் கோடு என்ற எண்ணைக் கேட்கும், அதையும் எழுதிவைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

தொலைவிலிருந்து அழிக்கிற சாஃப்ட்வேரை ஏன் நான் கடைசியில் வைக்கிறேன் என்றால், மெஷின் நெட்டில் இணைந்தால்தான் அது வேலை செய்யும். டிஸ்க்கைக் கழற்றினவனோ, முதல் வேலையாக ஃபார்மட் செய்கிறவனோ உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கப் போவதில்லை. விண்டோஸில் இருக்கிற ஃபைண்ட் மை டிவைஸ் இருக்கிற இடத்தைக் காட்டும், பூட்டும், தனிநபர் கணக்கில் அதைக்கொண்டு அழிக்க முடியாது. ஆன் செய்து வையுங்கள், இலவசம்தானே, ஆனால் அதற்கென்று வருடச் சந்தா கட்டாதீர்கள். மேக்கில் அழிக்கவும் முடியும், அங்கேயும் நெட் வேண்டும்.

பழைய மெஷின், செட்டிங்ஸில் அந்தப் பக்கமே இல்லை என்றால் வெராக்ரிப்ட் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், முன்பு இருந்த ட்ரூக்ரிப்டின் வழிவந்தது. அதில் முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்யலாம், ஆன் செய்யும்போதே பாஸ்வேர்டு கேட்கும். அல்லது ஒரு பெட்டகம் மாதிரி ஒரே ஃபைலை உருவாக்கி வாடிக்கையாளர் காகிதங்களை மட்டும் அதற்குள் வைக்கலாம். பெட்டகத்தில் ஒரு சிக்கல், ஸ்கேன் செய்தது டவுன்லோட்ஸில் ஒரு பிரதி, வாட்ஸ்அப்பில் வந்தது இன்னொரு இடத்தில் ஒரு பிரதி, ரீசைக்கிள் பின்னில் ஒன்று என்று வெளியே சிதறிக் கிடக்கும், பெட்டகம் மட்டும் பத்திரமாக இருக்கும். அதனால் முடிந்தால் முழு டிஸ்க். ஃபோல்டர் லாக் என்ற பெயரில் கிடைக்கிற பல ஆப்கள் ஃபோல்டரை மறைக்க மட்டும் செய்கின்றன, நம்பாதீர்கள். எக்செல்லில் ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்தால் அது உண்மையான குறியாக்கம்தான், ஷீட் ப்ரொடெக்ட் என்பது அப்படி இல்லை.

எக்செல் என்றதும் நினைவுக்கு வருகிறது, உங்கள் தொழிலில் வாடிக்கையாளர்களுடைய ஜிஎஸ்டி, வருமான வரி லாகின் பாஸ்வேர்டுகளை ஒரே எக்செல்லில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. அதை கீபாஸ் அல்லது பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால் லேப்டாப் பையில் வைக்காமல் தனியாக வையுங்கள், வாங்கியபோது இருந்த பின்னை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம், நீங்கள் மாற்றிவிடுங்கள். பேக்கப் எடுக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் பென் டிரைவும் குறியாக்கம் ஆகியிருக்க வேண்டும், லேப்டாப்பைப் பூட்டிவிட்டு அதே காகிதங்களைப் பூட்டாத பென் டிரைவில் கொண்டுபோனால் செய்ததெல்லாம் வீண். பேக்கப் டிஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும், பஸ்ஸில் வரவேண்டாம்.

பை போயேவிட்டது என்றால், முதலில் வேறொரு போனிலிருந்து ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றி எல்லா டிவைஸ்களிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள், மற்றக் கணக்குகளுக்கெல்லாம் அதுதான் வேர். ஓடிபி வராத நிலையில் உள்ளே போக கூகுள் பத்து பேக்கப் கோடு தரும், அதை இப்போதே எடுத்து ரெகவரி கீயோடு வையுங்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸிலிருந்து லேப்டாப்பை நீக்குங்கள், பேங்க், வரி இணையதளங்களின் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். டோக்கனும் போயிருந்தால் அதைக் கொடுத்த நிறுவனத்திடம் ரத்து செய்யச் சொல்லுங்கள். பணம் போனது தெரிந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், தாமதித்தால் பணத்தை நிறுத்துவது கடினம்.

போலீஸில் சொல்லும்போது லேப்டாப்பின் சீரியல் நம்பர் வேண்டும், அது மெஷினின் அடியில் இருக்கும், இன்றைக்கே போட்டோ எடுத்து ஈமெயிலில் போட்டு வையுங்கள். போனுக்கு ஐஎம்இஐ கொடுத்து முடக்கச் சொல்கிற சிஇஐஆர் வசதி லேப்டாப்புக்கு உதவாது. கல்லாறில் போனதா, மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் போனதா என்று தெரியாமல் எந்த ஸ்டேஷன் என்று அலைய வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் குறியாக்கம் ஆகியிருந்தால் அதையும் புகாரில் ஒரு வரி எழுதுங்கள், வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கும். அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும், எந்தெந்தக் காகிதம் இருந்தது, என்ன பாதுகாப்பு போட்டிருந்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் லேப்டாப் மாடலையும் விண்டோஸ் ஹோமா ப்ரோவா என்பதையும் எழுதுங்கள், எந்தப் பக்கத்தில் என்ன அமுக்க வேண்டும் என்று அதற்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். ரெகவரி கீயை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள்.